வெள்ளைக்காரருக்குப் பரஸ்தானம்

அங்கே இருந்தவர்கள் இவர்கள். நான், சர்க்கார் கார் டிரைவர். என் வீட்டுக்காரி. எதிர் வீட்டு மாமா, செக்‌ஷன் ஆபீசர், ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்தது. மாமி. மேல் மாடி சர்தார்ஜி. வடக்கு பிளாக் முதல் மாடித் தம்பி, அவர் சம்சாரம் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தது. ஒரு வெள்ளைக்காரர். அவர் சம்சாரம். கடைசியில் ஒரு போலீஸ்காரரும் வந்தார். அவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இடம் டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். அக்டோபர் மாதம். வருஷம் தொண்ணூற்றி ஏழோ எட்டோ.

சனிக்கிழமை சாயந்திரம் பால் வாங்கப் போனேன். பிளாக் முன்னால் ஒரு பழைய டீசல் வேன் நின்றது. உள்ளே வெள்ளைக்காரர் கியர் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். கிளட்ச் கேபிள் அறுந்து தொங்கியது.

எனக்கு இங்கிலீஷ் வராது. அவருக்குத் தமிழ் வராது. இருவருக்கும் அரைகுறை ஹிந்தி தெரியும். அவர் புத்தகத்தில் படித்தது. நான் ரோட்டில் படித்தது.

"கேபிள் டூட் கயா" என்றேன். அறுந்துவிட்டது. "கல் சண்டே. துகான் பந்த். மண்டே."

திங்கட்கிழமைதான் கடை திறக்கும் என்று புரிந்துகொண்டார். ஹோட்டல் வேண்டுமா என்று கேட்டேன். வேனைத் தட்டி, "கர்" என்றார். அதுதான் வீடாம்.

கதவைத் திறந்து காட்டினார். படுக்கை இருந்தது. அடுப்பு, தொட்டி, குழாய், ஜன்னலுக்குத் திரை, எல்லாம் இருந்தது. அலமாரி நிறைய டப்பா சாப்பாடு. ஊருக்குத் திரும்பிப் போகிற இன்னொரு வெள்ளைக்காரரிடம் டெல்லியிலேயே அந்த வாரம் வாங்கிய வண்டி. லீவுக்கு மலைப் பக்கம் போகிறார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் சமைத்துச் சாப்பிட்டு, நினைத்த இடத்தில் தூங்கி எழுந்து போவதுதான் திட்டம். முதல் நாளே எங்கள் பிளாக்கில் வந்து நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம அடுப்படிய விட இது பெருசா இருக்கு."

"சும்மா இரு" என்றேன்.

அதற்குள் மாமா வந்துவிட்டார். அவர் இங்கிலீஷ் ஃபைலில் எழுதுகிற இங்கிலீஷ். ஒரு கேள்வி கேட்டால் மூன்று பாரா வரும். ஆனாலும் விஷயத்தை வாங்கிவிட்டார். வண்டியில் ஸ்டீரிங்குக்கு மேலே ஒரு பெண்ணின் போட்டோ ஒட்டியிருந்தது. அவர்கள் மகள். அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டுப் போனவள். மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை. இப்போது மணாலியில் இருக்கிறாள். வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் ஒரு கூட்டத்தோடு கிளம்பி, மலையைத் தாண்டி நடந்து போகப் போகிறாள். அதற்குப் பிறகு எங்கே, எப்போது என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் வந்தால் பார்க்கலாம் என்று போனில் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளைக்காரரின் சம்சாரம், அந்த அம்மா, என்னிடம் மூன்று விரலைக் காட்டியது. "தீன் சால்" என்றது. கண் கலங்கவில்லை. விரலை மட்டும் இறக்காமல் வைத்திருந்தது.

"வியாழக்கிழமைதானே? ஏகப்பட்ட டயம் இருக்கு" என்றார் மாமா.

எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் இட்லி. அந்த அம்மா ஒன்றோடு எழுந்தது. என் வீட்டுக்காரி கையைப் பிடித்து உட்கார்த்தினாள். ஐந்துக்குப் பிறகுதான் விட்டாள். மத்தியானம் மாமி வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. வெள்ளைக்காரருக்குச் சம்மணம் போட வரவில்லை. காலை நீட்டினார். மாமி இலையை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டாள். பக்கவாட்டில் குனிந்தே ரசம் வரைக்கும் போய்விட்டார். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார். மறுபடி டம்ளரை நீட்டினார். மாமி அன்றோடு அவரைத் தத்து எடுத்துவிட்டாள்.

சாயந்திரம் மலை மந்திர் முருகன் கோவில். மாமாவின் வேட்டியை வெள்ளைக்காரர் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் உயரத்துக்கு அது முழங்கால் வரைக்கும்தான் எட்டியது. ராத்திரி சர்தார்ஜி வீட்டில் பராட்டா.

"கா லோ ஜி, கா லோ. டப்பா மத் கானா" என்று சர்தார்ஜி இன்னொன்று போட்டார். டப்பாவைச் சாப்பிடக் கூடாதாம்.

இருவரும் வேனுக்குத் திரும்பிப் படுத்தார்கள். என் வீட்டுக்காரி சூடாகப் பால் கொண்டுபோய்க் கதவைத் தட்டினாள். வேனில் கதவு உண்டு, அதைத் தட்டலாம் என்று பிளாக்கில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. விடிந்ததும் மாமி காபியோடு ஒரு பக்கம் தட்டினாள். சர்தார்ஜி வீட்டு அம்மா லஸ்ஸியோடு மறுபக்கம் தட்டினாள். வெள்ளைக்காரர் இரண்டு பக்கமும் திறந்து இரண்டையும் குடித்தார். அந்த டப்பாக்களில் ஒன்றைக்கூடத் திறக்க விடவில்லை.

"பாவம், தகர டப்பாவைத் தின்னுண்டு எத்தனை நாள் இருப்பா?" என்றாள் மாமி.

திங்கட்கிழமை டியூட்டி நடுவில் கேபிள் வாங்கி வந்தேன். நாலு மணிக்கு மாட்டி முடித்தேன். வெள்ளைக்காரர் கிளட்சை மிதித்துப் பார்த்தார். என்னைக் கட்டிப் பிடித்தார். உடனே கிளம்புகிறேன் என்றார்.

நான் ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டினேன். ஒன்று எரியவில்லை. இன்னொன்று சிம்னி விளக்கு மாதிரி எரிந்தது. வடக்கே போகிற ஜி.டி. ரோட்டில் ராத்திரி இதை வைத்துக்கொண்டு போகக் கூடாது. "சுபஹ் பாஞ்ச் பஜே" என்றேன். காலை ஐந்துக்குக் கிளம்பினால் புதன் மத்தியானம் போய்விடலாம். ஒப்புக்கொண்டார்.

மாமி ஒப்புக்கொள்ளவில்லை.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம். புதனும் வடக்கே சூலம். மணாலி எந்தப் பக்கம்?"

"வடக்கு" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"பாத்தேளா? மூணு வருஷம் கழிச்சுப் பொண்ணைப் பாக்கப் போறா. சூலத்துக்கு நேரா போவாளா?"

"அப்போ வியாழக்கிழமை போகச் சொல்லேன்" என்றார் மாமா. "பொண்ணு போயிருப்பா. மலையாவது அங்கேயே இருக்கும். பாத்துட்டு வரட்டும்."

"நான் போகப்படாதுன்னா சொன்னேன்? இன்னிக்கே பரஸ்தானம் வெச்சுட்டு நாளைக்குப் போகட்டும்."

பரஸ்தானம் என்பது இதுதான். போகிற நாள் சரியில்லை என்றால், முதல் நாள் நல்ல நேரத்தில் நம் சாமான் ஒன்றைப் பையில் கட்டி, போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்போதே கிளம்பிவிட்ட கணக்கு. மறுநாள் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகலாம். சூலம் ஒன்றும் செய்யாது. எங்கள் ஊரிலும் உண்டு. ஒரு துண்டோ வேட்டியோ வைப்போம்.

மாமி சொல்லச் சொல்ல மாமா அதை இங்கிலீஷில் போட்டார். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார்.

"ஸரூரி ஹை?" அவசியமா என்று கேட்டார்.

"மாமி போல்தி ஹை" என்றேன். மாமி சொல்கிறாள்.

அவர் தலையை ஆட்டினார். மூன்று நாளில் அவருக்கும் மாமியைத் தெரிந்திருந்தது.

அந்த அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. மாமி கொடுத்த மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு வேனுக்குள் போனது. எதையோ வைத்துக் கட்டிக்கொண்டு வந்தது. மாமி மேலே ஒரு துண்டு மஞ்சளும் ஒரு பிடி அரிசியும் போட்டாள். எல்லோரும் ஊர்வலமாக வடக்கு பிளாக்குக்குப் போனோம். முதல் மாடித் தம்பி பையை வாங்கி, முன் ரூமில் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார்.

"பத்திரமா இருக்கும் மாமி" என்றார்.

பத்திரமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி. எல்லோரும் வேனைச் சுற்றி நின்றோம். மாமி பையை எடுக்கப் போனாள். வெறுங்கையோடு வந்தாள்.

"கதவு பூட்டியிருக்கு."

காவலுக்கு இருந்த சௌக்கிதார்தான் சொன்னார். ராத்திரி தம்பிக்கு ஆபீஸிலிருந்து அவசர டூர். போபால். நாலரை மணிக்கு ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். மூன்று நாளாகும்.

"சரி, போறது. ஒரு பைதானே? தம்பி வந்ததும் பார்சல் பண்ணிடலாம். கிளம்பச் சொல்லு" என்றார் மாமா.

நான் வெள்ளைக்காரரைக் கிளம்பச் சொன்னேன். அவர் நகரவில்லை. கையைத் திருகிக் காட்டினார்.

"சாபி" என்றார்.

"சாவி எங்கே?" என்றேன்.

வடக்கு பிளாக் மாடியைக் காட்டினார்.

வண்டிச் சாவி. இருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு பாஸ்போர்ட். அந்த அம்மா மூன்றையும் பையில் வைத்துவிட்டது.

மாமி தலையில் கை வைத்தாள். "ஒரு துண்டு வெப்பா, ஒரு புடவை வெப்பா. சாவியை எந்த மனுஷா வெப்பா?"

"நீதானேடி சொன்னே, இது இல்லாம போகவே முடியாதுங்கற சாமானா வைக்கணும்னு?" என்றார் மாமா.

"சொன்னேன். அதுக்காக?"

"நான் அட்சரம் பிசகாம சொன்னேன். அவா அட்சரம் பிசகாம வெச்சுட்டா."

சாவி இல்லாமல் வண்டியை எடுக்க எனக்குத் தெரியும். இரண்டு ஒயரைச் சேர்த்தால் போதும். பாஸ்போர்ட் இல்லாமல் வெள்ளைக்காரர் நகர மாட்டார். அது சரிதான். வழியில் கேட்பார்கள்.

சர்தார்ஜி மேலே போய் ஒரு சுத்தியலோடு இறங்கினார். "தாலா தோட் தோ." பூட்டை உடை என்றார்.

மாமா குறுக்கே நின்றார். "கவர்மென்ட் குவார்ட்டர்ஸ். ஆள் இல்லாத வீடு. பூட்டை உடைச்சா நாளைக்கு எல்லாருக்கும் மெமோ வரும்."

"மெமோ கோ கோலி மாரோ ஜி!" மெமோவைச் சுட்டுத் தள்ளு என்றார் சர்தார்ஜி.

"உமக்கென்ன, நீர் பிசினஸ்காரர், உள்வாடகைக்கு இருக்கறவர். மெமோ எனக்கு வரும்."

மார்க்கெட்டில் சாவி செய்கிறவரை சர்தார்ஜி ஸ்கூட்டரில் கூட்டிவந்தார். அதற்கே எட்டு மணி ஆயிற்று. அவர் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். வீட்டுக்காரர் எங்கே என்றார். போபால் என்றோம். பூட்டை விட்டுவிட்டார். டீ குடித்துவிட்டுப் போனார்.

மாமா தம்பியின் ஆபீசுக்குப் போன் போட்டார். ஒன்பதரை வரைக்கும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தவர், தம்பி ரயிலில் இருக்கிறார் என்றார். அது எங்களுக்கே தெரியும்.

நான் கணக்குப் போட்டேன். பதினொன்றுக்குள் வண்டி நகர்ந்தால் புதன் ராத்திரிக்குள் மணாலி. அதற்குப் பிறகு கிளம்பினால், ராத்திரி முழுக்க ஓட்டினால்தான் வியாழன் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னால் போக முடியும். மலை ரோட்டில் அந்த ஹெட்லைட்டை வைத்துக்கொண்டு முடியாது. இதை வெள்ளைக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த அம்மா வேன் படியில் உட்கார்ந்திருந்தது. ஸ்டீரிங்குக்கு மேலே இருந்த போட்டோவைப் பிய்த்து எடுத்து மடியில் வைத்திருந்தது. மாமி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமி பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் வீட்டுக்காரி இட்லிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியையே பார்த்தாள்.

"ஏங்க, மொட்டை மாடியில காயப்போட்ட துணி அடுத்தவங்க பால்கனியில விழுந்தா எப்படி எடுக்கிறோம்?"

"குச்சி போட்டு."

"அப்ப குச்சிய எடுக்கிறதுதான?"

தம்பி வீட்டு பால்கனிக்கு இரும்புக் கம்பி அடித்திருந்தது. அதற்குப் பின்னால் முன் ரூம் ஜன்னல். ஜன்னல் திறந்தே இருந்தது. சர்தார்ஜி தூரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, மஞ்சள் பை தெரிகிறது என்று கத்தினார்.

இரண்டு ஒட்டடைக் குச்சியைச் சேர்த்துக் கட்டினேன். அறுந்த கிளட்ச் கேபிளை வளைத்து நுனியில் கொக்கி வைத்தேன். ஏணி யாரிடமும் இல்லை. வேன் கூரை சரியான உயரம். அதை அந்த பால்கனிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும்.

ஒயரைச் சேர்த்தால் ஸ்டார்ட் ஆகும் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாமா, சர்தார்ஜி, சௌக்கிதார், பால்காரர், ஆபீசுக்குக் கிளம்பிய நாலு பேர். "ஜோர் லகா கே" என்று சர்தார்ஜி கத்த, "ஹையா" என்றார் மாமா. வேன் ஹேண்ட் பிரேக்கில் இருந்தது. அதை எடுத்துவிட்டேன். மாமா விழுந்து எழுந்தார்.

வெள்ளைக்காரர் கூரை மேல் ஏறினார். குச்சியைக் கம்பிக்குள் விட்டார். முதலில் தம்பியின் லுங்கி வந்தது. அதைக் கீழே போட்டார். மாமி மடித்து வைத்தாள். அடுத்து ஒரு பனியன். அடுத்து பல்லி ஒன்று குச்சியிலேயே நடந்து வந்தது. அவர் குச்சியை விடவில்லை. கீழே நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள்.

"லெஃப்ட் ஜி, லெஃப்ட்!"

"கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கோ! சாமி படம் விழுந்துடப் போறது!"

"தூக்குன்னா இங்கிலீஷ்ல என்ன மாமா?"

"அதான் சொல்லிண்டிருக்கேனே! அவர் கேட்டாத்தானே!"

அப்போதுதான் போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். ஹரியானாக்காரர். பெரிய மீசை. பூட்டிய வீட்டுக்குள் வெள்ளைக்காரர் குச்சியை விட்டிருக்கிறார். கீழே கூட்டம். பக்கத்தில் ஒரு அம்மாள் லுங்கியை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

"க்யா சல் ரஹா ஹை?" என்றார். என்ன நடக்கிறது என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுருக்கமாகச் சொன்னேன். மகள் மணாலியில். இன்றைக்குச் செவ்வாய். வடக்கே போக வேண்டும். நேற்றே பையை வைத்தோம். வீட்டுக்காரர் போபால் போய்விட்டார்.

போலீஸ்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்.

"மங்கல்வார்? உத்தர்?" என்றார். செவ்வாயன்று வடக்கா என்று கேட்டார். "திஷாசூல் ஹை பாயி! பையை வைத்தது சரிதான். ஆனால் பரிகாரத்துக்கு வெல்லம் கொடுத்தீர்களா?"

மாமிக்கு ஹிந்தி நன்றாகப் புரியும். "வெல்லமா? வடக்குக்குப் பால். மேற்குக்குத்தான் வெல்லம்."

"நஹீன் மாதாஜி. மங்கல் கோ குட்." செவ்வாய்க்கு வெல்லமாம்.

"தூத்!" என்றாள் மாமி.

"குட்!" என்றார் போலீஸ்காரர்.

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரி உள்ளே ஓடி ஒரு டம்ளர் பாலும் ஒரு அச்சு வெல்லமும் கொண்டுவந்தாள். வெள்ளைக்காரர் கூரை மேலேயே நின்று பாலைக் குடித்தார். வெல்லத்தைத் தின்றார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குச்சியை விட்டார். போலீஸ்காரர் கீழேயிருந்து பிடியைப் பிடித்துக்கொண்டார்.

பை வந்தது.

கம்பிக்கு நடுவில் சிக்கி, அரிசி எல்லாம் போலீஸ்காரர் தலையில் கொட்டி, வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினோம். வெள்ளைக்காரர் சாவியை எடுத்துக் காட்டினார். அந்த அம்மா மாமியைக் கட்டிப் பிடித்தது.

மணி பத்தரை.

இனிமேல்தான் ஆபத்து. என் வீட்டுக்காரி இட்லியோடு நின்றாள். மாமி வீட்டில் உப்புமா தயாராக இருந்தது. சர்தார்ஜி வீட்டு அம்மா கோபி பராட்டா போட்டு முடித்திருந்தாள். மாமா கேமரா எடுத்துவர உள்ளே ஓடினார். இரண்டு வார்த்தை பேச வேண்டும், எல்லோரும் வரிசையாக நில்லுங்கள் என்று சொல்லிவிட்டே ஓடினார். போலீஸ்காரரும் பட்டனைச் சரிசெய்துகொண்டார். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாட்சைப் பார்த்தேன்.

மாமி கூரையைப் பார்த்துக் கத்தினாள்.

"இறங்கி எங்கே வரார்? பரஸ்தானத்தை எடுத்தாச்சுன்னா திரும்பி ஒரு வாசப்படியும் மிதிக்கப்படாது. அப்படியே வண்டில உக்காந்து போகணும். நிக்கப்படாது!"

"ஏண்டி, ஒரு வாய் உப்புமா..." என்றார் மாமா, கேமராவோடு.

"உப்புமாவை நீங்க சாப்பிடுங்கோ. போட்டோவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஜாவோ! ஜல்தி ஜாவோ!"

மூன்று நாளில் மாமி அவர்களைப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வெள்ளைக்காரர் கூரையிலிருந்து வேனின் பின்பக்கக் கம்பிப் படி வழியாக இறங்கி ஸ்டீரிங்குக்கு வந்தார். அந்த அம்மா ஏறியது. இட்லியும் பராட்டாவும் ஜன்னல் வழியாக உள்ளே போயின. பாத்திரமும் போய்விட்டது. நான் முன்னால் ஏறிக்கொண்டேன். ரிங் ரோடு தாண்டி, ஜி.டி. ரோடு பிடிக்கிற வரைக்கும் வழி காட்டினேன். அன்றைக்கு அரை நாள் லீவு.

பைபாஸில் இறங்கினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் நிறையச் சொன்னார்.

"சலோ" என்றேன்.

போனார். நான் பஸ் பிடித்து வந்தேன்.

புதன்கிழமை மாமி மூன்று தடவை என் வீட்டுக்கு வந்தாள். எங்கே போயிருப்பார்கள் என்று கேட்டாள். அம்பாலா தாண்டியிருப்பார்கள் என்றேன். மறுபடி வந்தாள். மலை ஏறியிருப்பார்கள் என்றேன். மூன்றாவது தடவை வந்தபோது நானே வாசலில்தான் நின்றிருந்தேன்.

"சேர்ந்திருப்பாளோ?"

"தெரியல மாமி."

"பாலைத்தான் முதல்ல குடிச்சார். பாத்தியோ இல்லியோ?"

"பார்த்தேன்."

வியாழக்கிழமை காலை ஏழரை. யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் போன் அடித்தது. மாமா கத்துகிற சத்தம் கேட்டது. வெளியூர் போன் என்றால் அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். மாமி வாசலுக்கு வந்து என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். நானும் என் வீட்டுக்காரியும் போனோம். மாமா ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

"உன்னைத்தான் கேக்கறார்."

வெள்ளைக்காரர் குரல்தான். கரகரவென்று இருந்தது.

"கல் ஷாம். சாத் பஜே பஹுஞ்சா" என்றார். நேற்று சாயந்திரம் ஏழுக்குப் போய்ச் சேர்ந்தாராம்.

"பேட்டி?" என்றேன். மகளைப் பற்றித்தான்.

"மிலீ."

பார்த்துவிட்டார்.

"என்ன சொல்றார்? பொண்ணு அவரோட பேசினாளா, கேளு" என்றாள் மாமி, என் தோளுக்குப் பின்னால்.

கேட்டேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பூரீ ராத்" என்றார்.

"ராத்திரி பூரா பேசிக்கிட்டு இருந்தாங்களாம். யாரும் தூங்கலையாம்" என்றேன்.

மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா ஃபேனைப் பார்த்தார்.

"சே பஜே கயீ" என்றார் வெள்ளைக்காரர். ஆறு மணிக்கு அவள் போய்விட்டாள். அவரே கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டாராம். வைத்துவிட்டார்.

"எம்புட்டு நேரம்ங்க கெடச்சுது அவங்களுக்கு?" என்றாள் என் வீட்டுக்காரி.

சாயந்திரம் ஏழு. காலை ஆறு.

பதினோரு மணி நேரம்.